சி டிரைவில் 100 ஜிபி எடுத்து உபுண்டுவுக்குக் கொடுப்பது எப்படி?

விண்டோஸும் உபுண்டுவும் சேர்ந்திருக்கும் டூயல் பூட் கணினியில் சி டிரைவைச் சுருக்குவது சுலபம். எடுத்த இடம் எங்கே போய் விழுகிறது என்பதில்தான் சிக்கல். வழக்கமான ஜிபிடி டிஸ்க்கில் (புதிய கணினிகளின் பிரிப்பு முறை) பார்ட்டிஷன்கள், அதாவது டிஸ்க்கின் பகுதிகள், இந்த வரிசையில் இருக்கும்: பூட் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ, விண்டோஸ் ஒதுக்கிவைத்த 16 எம்பி ரிசர்வ்ட், சி டிரைவ், விண்டோஸைப் பழுது பார்க்கும் ரெக்கவரி, கடைசியில் உபுண்டு நிறுவப்பட்டிருக்கும் ரூட். சி-யைச் சுருக்கினால் காலி இடம் அதன் வலப்பக்கம் விழும்; அதற்கும் ரூட்டுக்கும் நடுவே ரெக்கவரி உட்கார்ந்திருக்கும். தன்னை ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே ஒரு பார்ட்டிஷன் சேர்த்துக்கொள்ளும்.

வலது ஓரத்தை நீட்டுவது சில நொடி வேலை. இடது ஓரத்தை நகர்த்தினால் ஃபைல் சிஸ்டம் தொடங்கும் இடமே மாறுவதால், உள்ளே இருப்பதையெல்லாம் பெயர்த்து எழுத வேண்டியிருக்கும். எஸ்எஸ்டியில் பரவாயில்லை, பழைய ஹார்ட் டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் அந்தப் பார்ட்டிஷனை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் ரூட் உண்மையிலேயே நிறைந்திருந்தால் மட்டும் நகர்த்துங்கள். வீடியோக்களும் வர்ச்சுவல் மெஷின்களும்தான் இடத்தைப் பிடிக்கின்றன என்றால், காலி இடத்தில் புதிதாக ஓர் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷன் போட்டு அவற்றை அங்கே மாற்றிவிடுங்கள். எதையும் நகர்த்தத் தேவையில்லை.

நகர்த்தியே ஆக வேண்டுமா? முதலில் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் வைப்பது பேக்கப் ஆகாது.

விண்டோஸ் பக்கம்

விண்டோஸ் 11 வந்த பல லேப்டாப்களில் நாம் கேட்காமலே டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கும். இந்த என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பாதுகாப்பை 'சஸ்பெண்ட்' செய்யுங்கள். அடுத்து கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும்.

அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ரெக்கவரியைக் கட்டுப்படுத்தும் ரீஏஜென்ட்சி கட்டளையை 'டிஸேபிள்' என்ற சுவிட்சோடு (reagentc /disable) கொடுங்கள். ரெக்கவரி பார்ட்டிஷனை நகர்த்தப் போவதால் இது தேவை.

இப்போது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி மீது ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' தேர்ந்தெடுங்கள். பெட்டி எம்பியில் கேட்கும். 100 ஜிபிக்கு 102400 என்று போட வேண்டும். சி-யில் 200 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சொல்கிறதா? நகர்த்த முடியாத கோப்பு ஏதோ நடுவில் நிற்கிறது. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயலுங்கள். முடிந்ததும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

சி டிரைவின் இடது ஓரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஜிபிடிக்கு முந்தைய எம்பிஆர் முறையில் பிரித்த பழைய டிஸ்க்காக இருந்தால் விண்டோஸ் பூட் ஆகாமல் போக அது ஒன்றே போதும்.

ஜிபார்ட்டட்டில்

ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டை நகர்த்த முடியாது. பார்ட்டிஷன்களை மாற்றும் மென்பொருளான ஜிபார்ட்டட்டின் லைவ் யுஎஸ்பியிலிருந்து (நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடுவது) பூட் செய்யுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். ஏதாவது பார்ட்டிஷன் பக்கத்தில் சாவிப் படம் தெரிந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது. பெரும்பாலும் ஸ்வாப்தான் (ரேம் போதாதபோது உபுண்டு பயன்படுத்தும் இடம்), ரைட் கிளிக் செய்து 'ஸ்வாப்ஆஃப்' கொடுங்கள்.

1. ரெக்கவரியைத் தேர்ந்து 'ரீசைஸ்/மூவ்' திறங்கள். வரும் பெட்டியின் மேலே ஒரு பட்டை இருக்கும். ஓரத்து அம்புக்குறியைப் பிடித்தால் அளவு மாறிவிடும். நடுவில் பிடித்து இடக்கோடி வரை இழுங்கள். 'முன்னால் உள்ள காலி இடம்' 0 ஆக வேண்டும், அளவு பழையபடியே இருக்க வேண்டும். சீரமைப்பு (Align to) 'எம்ஐபி' (MiB) என்றே இருக்கட்டும்.

2. காலி இடம் இப்போது ரூட்டை ஒட்டி நிற்கும். ரூட்டின் 'ரீசைஸ்/மூவ்' பெட்டியில் இடது அம்புக்குறியைக் கோடிவரை இழுங்கள். இங்கே அளவு கூட வேண்டும்.

3. இதுவரை டிஸ்க்கில் எதுவும் நடக்கவில்லை. கீழே உள்ள பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டுப் பச்சை டிக்கை அழுத்துங்கள். பூட் ஆகாமல் போகலாம் என்ற எச்சரிக்கை வரும்; பார்ட்டிஷன் தொடங்கும் இடம் மாறும்போது வழக்கமாக வருவதுதான். தொடங்கிய பிறகு 'கேன்சல்' பக்கம் கையே போகக் கூடாது.

எம்பிஆர் டிஸ்க்கில் ரூட் ஓர் எக்ஸ்டெண்டெட் (வேறு பார்ட்டிஷன்களை உள்ளே வைத்திருக்கும்) பெட்டிக்குள் இருந்தால், முதலில் அந்த வெளிப் பெட்டியை நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் காலி இடம் ரூட்டின் கண்ணுக்கே படாது.

முடிந்த பிறகு

நகர்த்துவதால் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி மாறாது. அதனால் பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று உபுண்டு பார்க்கும் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பிலோ, யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்தது) கணினியில் உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் கிரப்பிலோ பொதுவாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் போய் ரீஏஜென்ட்சியை 'எனேபிள்' சுவிட்சோடு ஓட்டுங்கள். 'இன்ஃபோ' கொடுத்துச் சரிபாருங்கள்.

வழியில் இருக்கிறதே என்று ஸ்வாப்பை அழித்துப் புதிதாகப் போட்டவர்களுக்கு மட்டும் யூயூஐடி மாறியிருக்கும். உபுண்டு பூட் ஆகும்போது ஒன்றரை நிமிடம் சும்மா நின்றால் காரணம் அதுதான்: இல்லாத ஸ்வாப்புக்காகக் காத்திருக்கிறது. புதிய எண்ணை எஃப்எஸ்டேப்பில் எழுதினால் சரியாகிவிடும். எம்பிஆரில் லாஜிக்கல் பார்ட்டிஷனை (எக்ஸ்டெண்டெட்டுக்குள் இருப்பதை) அழித்தால் அதற்குப் பின்னால் உள்ளவற்றின் எண்கள் மாறி, 'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரை வரலாம். தரவு பத்திரமாகத்தான் இருக்கும். உபுண்டு லைவ் யுஎஸ்பியில் பூட் ரிப்பேர் என்ற மென்பொருளை நிறுவி ஓட்டினால் கிரப் பழையபடி வந்துவிடும்.