யுவேலு கல்விச்சாலையைப் பார்க்கப் போனால் அதன் வரலாற்றை எப்படிப் படிப்பது?

சீனாவின் சாங்ஷா நகரில், யுவேலு மலையடிவாரத்தில் இருக்கும் இந்தக் கன்பூசியக் கல்விச்சாலைக்குப் போகிறவர்களில் பலர் ‘976-ல் தொடங்கியது’ என்ற வரியைப் படித்துவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஆண்டு சரிதான். சோங் வம்சத்தின் தொடக்கத்தில் அங்கே அதிகாரியாக இருந்த ஜூ டோங் நிறுவியது அது. ஆனால் இன்று கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பாலானவை மிங், சிங் காலத்தவை, சில இன்னும் புதியவை. அதனால் ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் ‘இது எப்போது இடிந்தது, யார் திரும்பக் கட்டினார்கள்?’ என்று கேளுங்கள், வரலாறு அங்கேதான் இருக்கிறது.

போவதற்கு முன் ஒரு தாளில் வம்சங்களின் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சோங் 960–1279, யுவான் 1271–1368, மிங் 1368–1644, சிங் 1644–1912. பழைய கல்வெட்டுகளில் பேரரசரின் ஆட்சிப் பெயரும் அதன் எத்தனையாவது ஆண்டு என்பதும்தான் இருக்கும். சிங் பேரரசர் காங்ஷியின் ஆட்சிக்கணக்கு 1662-ல் தொடங்குகிறது, ஆக ‘காங்ஷி 26’ என்றால் 1661-உடன் 26-ஐக் கூட்டி 1687. இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் வழிகாட்டி இல்லாமலே பாதி புரிந்துவிடும்.

அப்புறம் நேராக விரிவுரை மண்டபத்துக்குப் போங்கள், அதிக நேரம் அங்கேதான் செலவிட வேண்டும். மேடையில் இரண்டு நாற்காலிகள் இருக்கும். 1167-ல் ஜூ ஷி என்ற தத்துவவாதி ஃபூஜியான் மாகாணத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்து, இங்கே கற்பித்துக்கொண்டிருந்த ஜாங் ஷியோடு விவாதித்ததன் நினைவு அவை. கேட்க வந்தவர்களின் குதிரைகள் குடித்தே குளம் வற்றிப்போனதாகச் சொல்வார்கள். கருத்து வேறுபட்ட இரண்டு அறிஞர்கள் மாணவர்கள் முன்னாலேயே வாதிட்டது எனக்கு இந்த இடத்தின் மிகப் பெரிய பெருமையாகப் படுகிறது. பிற்காலத்தில் கன்பூசிய நூல்களுக்கு ஜூ ஷி எழுதிய விளக்க உரைகளே அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் அரசுத் தேர்வுக்கு அடிப்படையாகி, 1905-ல் அந்தத் தேர்வுமுறை ஒழியும் வரை நீடித்தன. மேலே தொங்கும் காங்ஷி, கியான்லோங் பேரரசர்களின் பெயர்ப்பலகைகளை இந்தப் பின்னணியோடு பாருங்கள், அரசு இந்தச் சிந்தனையைத் தனதாக்கிக்கொண்டது தெரியும்.

மண்டபத்துக்குப் பின்னால் நூலகம், பக்கத்தில் கன்பூசியஸ் கோயில். கற்பித்தல், நூல் சேர்த்தல், வழிபாடு ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இத்தகைய கல்விச்சாலை. இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள், கல்விச்சாலைக்கென ஒதுக்கிய வயல்களின் குத்தகைதான் பெரிய ஆதாரம். நூலகம் 1938-ல் ஜப்பானிய விமானக் குண்டுவீச்சில் அழிந்து, 1980களில் மீண்டும் எழுந்தது.

1903-ல் இந்தக் கல்விச்சாலை நவீன உயர்கல்விப் பள்ளியாக மாறியது, 1926-ல் ஹுனான் பல்கலைக்கழகமானது. இன்றும் அதன் ஒரு பகுதிதான். ஒப்பிட்டுப் பார்க்க ஆசையிருந்தால் அடுத்து ஜியாங்ஷி மாகாணத்தில் உள்ள வெண்மான் குகைக் கல்விச்சாலைக்குப் போங்கள், பாழடைந்து கிடந்த அதைப் புதுப்பித்து விதிமுறைகள் எழுதி வைத்தவரும் இதே ஜூ ஷிதான்.