பழைய 800-க்கு ஏசி போடும்போது பலரும் செய்யும் தவறுகள்

மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. திருவாரூர், மன்னார்குடி பக்கம் வண்டி மட்டும் இன்னும் நிற்கவில்லை. அப்பா வாங்கிய வண்டி, ஏசி இல்லாத மாடல், விற்கவும் மனசு வராது. சித்திரை பிறந்ததும் "ஒரு ஏசி போட்டால் என்ன?" என்று தோன்றும். எனக்கும் தோன்றி, இரண்டு தடவை போட்டேன். முதல் தடவை போட்டது தப்பு.

அந்தத் தப்புக்குக் காரணம் ஈரம். பாகங்களை மாட்டிக் குழாய்களை இணைத்த பிறகு உள்ளே இருப்பது நம்மூர்க் காற்றுதான். ஆறும் வயலும் கடலும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் அந்தக் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதை முழுக்க உறிஞ்சி எடுக்காமல் குளிரூட்டும் கேஸை ஏற்றினால், அந்தக் கேஸ் விரிந்து குளிரும் எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துளையில் அந்த ஈரம் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். என் வண்டி திருவாரூரில் கிளம்பும்போது ஜில்லென்று இருக்கும். குடவாசல் வருவதற்குள் வெறும் காற்றுதான். டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்தி எடுத்தால் மறுபடி குளிரும். கேஸ் குறைச்சல் என்று ஒரு பட்டறையில் ஏற்றினார்கள். மறுநாளும் அதே கதை. டீ குடித்த நேரத்தில் கட்டி உருகியிருக்கிறது, அவ்வளவுதான்.

வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சும் வேலையில் அவசரம் கூடாது. கடல் மட்டத்தை ஒட்டிய நம்மூரில் கேஜ் முள் வெற்றிடத்தில் 29 அங்குலம் (பாதரச அளவு) வரை இறங்கினால், உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி வெளியே போகக் குறைந்தது அரை மணி நேரம் வேண்டும். மழை நாள் என்றால் நான் ஒரு மணி நேரம் கேட்பேன். அப்புறம் கேஜின் வால்வை மூடி, பம்பை நிறுத்திவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நகர்ந்தால் எங்கேயோ கசிவு. இரண்டாம் தடவை நான் ஸ்டூல் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் முள் மயிரிழை அளவு நகர்ந்தது. கழற்றிப் பார்த்தால், எண்ணெய் தடவாமல் முறுக்கியதில் குழாய் இணைப்பில் போடும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங் ஒன்று வெட்டுப்பட்டிருந்தது. பார்க்காமல் கேஸ் ஏற்றியிருந்தால் ஒரு மாதத்தில் மொத்தமும் போயிருக்கும்.

டிரையர் விஷயமும் இதே மாதிரிதான். உள்ளே இருக்கும் மணிகளுக்கு ஈரத்தை இழுப்பதுதான் வேலை. காலையிலேயே மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டால், சாயங்காலத்துக்குள் பட்டறைக் காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அதைக் கடைசியாக மாட்டச் சொல்லுங்கள். பழைய சாமான் கடையில் கம்ப்ரசர் (கேஸை அழுத்தித் தள்ளும் பாகம்) வாங்குகிறவர்கள் ஆயிலையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்-12 என்ற பழைய கேஸ் காலத்து மினரல் ஆயில், அதற்குப் பின் வந்த ஆர்-134ஏ கேஸோடு கலக்காது. கம்ப்ரசருக்குத் திரும்பி வராமல் எங்கேயாவது தங்கிவிடும். கடைசியில் கம்ப்ரசர் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும்.

"வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துபோகும், ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கேஸ் என்ன பெட்ரோலா, எரிந்து தீர? குறைகிறது என்றால் எங்கேயோ கசிகிறது. வரப்பு உடைந்த வயலுக்கு மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டிருப்பதால் என்ன பயன்? அதிகமாக ஏற்றினால் அதிகமாகக் குளிரும் என்பதும் பொய். அழுத்தம் ஏறி, குளிர்ச்சி குறைந்து, கம்ப்ரசர்தான் திணறும். தராசில் வைத்து எடை பார்த்து ஏற்றுகிற இடத்துக்குப் போங்கள். செலவு குறையும் என்று சமையல் கேஸை ஏற்ற யாராவது யோசனை சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்கு உள்ளே. அங்கே கசிந்தால் கேஸ் நேராக நம் மடியில்தான் வந்து இறங்கும்.

எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். 37 குதிரைத்திறன் என்பதெல்லாம் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது கிடைப்பது. சிக்னலில் நிற்கும்போது அதில் சொற்பம்தான் இருக்கும். அதிலிருந்துதான் கம்ப்ரசரும் தன் பங்கை எடுக்க வேண்டும். ஏசி ஓடும்போது ஐடில் வேகத்தை (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) தானாக உயர்த்தும் அமைப்பை வைக்காமல் விட்டால், வண்டி உதறும், அணைந்தும் போகும். டெல்டாவில் மேடு என்றால் பாலம்தான். அங்கே ஏசியை நிறுத்தி ஏற்றிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. கம்ப்ரசர் கிளட்சுக்கும் ஃபேனுக்கும் தனித்தனி ரிலே, பியூஸ் வேண்டும். இருக்கிற வயரிலேயே முடிச்சுப் போடுகிற வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கேஸின் சூட்டை வெளியே விடும் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்காரும். தை மாதம் சாலையில் நெல் காயும்போது, அந்தப் பதரும் தூசும் முழுக்க அதில்தான் போய் ஒட்டும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தால் கம்பளிபோல் அப்பியிருக்கும். குளிர்ச்சி குறைந்து எஞ்சினும் சூடேற ஆரம்பிக்கும். தோட்டத்துக் குழாயின் மெல்லிய தண்ணீரே கழுவப் போதும். வாட்டர் சர்வீஸ் பம்பைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடிந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்காக இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும்.

கடைசியாக வடிகால். கூலிங் காயிலில் படியும் தண்ணீர் வெளியே போக ஒரு ரப்பர் குழாய் உண்டு. டேஷ்போர்டை மாட்டும் அவசரத்தில் அது மடிந்துபோனால் தண்ணீர் எல்லாம் உள்ளேயே இறங்கும். என் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து கும்பகோணம் வந்த அத்தை, இறங்கும்போது "காலெல்லாம் ஈரமா இருக்கேடா" என்றார். மிதியடியைத் தூக்கினால் தரைத் தகட்டில் துரு ஆரம்பித்திருந்தது. மாட்டி முடித்ததும் ஏசியை ஓடவிட்டு, குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். சொட்ட வேண்டும்.

இப்போது வாசலில் நிறுத்தினால் நன்றாகவே சொட்டுகிறது. "தம்பி, ரேடியேட்டர் ஒழுகுது பாரு" என்று எதிர்வீட்டுப் பெரியப்பா வாரம் ஒரு தடவையாவது கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார்.