ஊரில உள்ள காணிக்கு வருஷத்துக்கு ஒரு துண்டு

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஊர்த் தோட்டக் காணியைத் தெரிந்தவரிடம் பார்க்கக் கொடுத்திருக்கிறீர்களா? வருஷத்துக்கு ஒருமுறை அவரிடம் கையெழுத்துடன் ஒரு துண்டுக் கடிதம் வாங்கி வையுங்கள். “இன்னாருடைய காணியை அவருடைய அனுமதியில் பார்க்கிறேன், இந்த வருஷத்துக்கு 50 தேங்காய் கொடுத்தேன்” என்ற அளவு போதும். திகதி, உறுதி இலக்கம், நான்கு எல்லை, இரண்டு சாட்சி கட்டாயம். நீங்கள் எழுதிக் கொடுக்கும் பற்றுச்சீட்டு போதாது, கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும்.

இலங்கையின் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக 10 வருஷம் இடையூறின்றி ஆண்டுவந்த ஒருவர் காணியைத் தன்னுடையது என்று கேட்கலாம். ஆனால் இடையில் வாடகையோ விளைச்சலோ கொடுத்து இன்னொருவரின் உரிமையை ஏற்றிருந்தால் அந்தக் கோரிக்கை நிற்காது. வாய்ப்பேச்சை 10 வருஷம் கழித்து நிரூபிப்பது பெரும்பாடு. உறவுக்காரர் என்றால் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்; ஆனாலும் கேளுங்கள், பிறகு வழக்கென்று அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

வயற்காணிக்கு இதைச் செய்ய வேண்டாம். நெற்செய்கைக் குத்தகை விவசாயிக்குக் கமநலச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு, அந்தத் துண்டே அவர் குத்தகைக்காரர் என்பதற்குச் சான்றாகிவிடும். அரச அனுமதிப்பத்திரக் காணிக்கும் இது பொருந்தாது. 10 வருஷம் ஏற்கனவே கடந்திருந்தால் முதலில் சட்டத்தரணியிடம் போங்கள்.