சொட்டும் குளியலறைக் குழாய்க்கு ஒரு வாஷர் போதும்
குளியலறைக் குழாயை மூடிய பிறகும் சொட்டுகிறதா? இன்னும் இறுக்காதீர்கள், தேய்ந்த வாஷர் மேலும் நசுங்கும். குளியலறைக்குத் தண்ணீர் வருவதை நிறுத்தும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கைப்பிடியைக் கழற்றி, குரோம் பூச்சு கீறாமல் பழந்துணி சுற்றி, ஸ்பானரால் ஸ்பிண்டிலை (கைப்பிடி மாட்டியிருந்த தண்டை) இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். அதில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதுதான் காரணம். பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். வாயால் அளவு சொல்லி வாங்கினால் சில சமயம் பொருந்தாது.

அப்புறம், புதிதை மாட்டும் முன் குழாய்க்குள் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் வாஷர் உட்காரும் இடத்தில் உப்பு சொரசொரவென்று படிந்திருக்கும். பழைய பிரஷ்ஷில் வினிகர் தொட்டுத் தேயுங்கள். இதை விட்டுவிட்டால் புது வாஷரும் சீக்கிரமே கிழிந்துவிடும்.

கால் சுற்றில் திறக்கும் குழாய் என்றால் உள்ளிருந்து தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் என்ற பாகத்தையே மாற்ற வேண்டும்.