ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் வேரைத் தேடும் முறை: லெஃபெவ்ர் என்ற பெயரை முன்வைத்து

எல், ஈ, எஃப், ஈ, பி, வி, ஆர், ஈ என்று எட்டு எழுத்துகளால் எழுதப்படும் லெஃபெவ்ர் என்ற பெயரில் ஐந்தாவதாக நிற்கும் பி ஒலிக்கப்படுவதே இல்லை. ஒலிக்காத எழுத்து அங்கே எப்படி வந்தது என்று கேட்கத் தொடங்கினாலே அப்பெயரின் வரலாற்றில் பாதி வெளிப்பட்டுவிடும். அதனால்தான் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களை ஆராய விரும்புவோருக்கு இப்பெயரையே பயிற்சிக் களமாகப் பரிந்துரைக்கிறேன். பெரும்பாலோர் "இப்பெயரின் பொருள் என்ன?" என்ற கேள்வியுடன் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே, அப்பெயர் எந்த ஆவணத்தில், எந்த ஊரில், எந்த ஆண்டில், எவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்று குறித்துக்கொள்வது நல்லது.

எழுத்து வடிவங்களைத் திரட்டுவதே முதல் வேலை. பழைய பிரெஞ்சுக் கையெழுத்தில் யு, வி ஆகிய இரண்டு எழுத்துகளுக்கும் தெளிவான வேறுபாடு கிடையாது. எனவே கொல்லரைக் குறித்த 'ஃபெவ்ர்' என்ற சொல்லை எழுதினால், நடுவில் உள்ளது உயிரா மெய்யா என்ற குழப்பம் வாசிப்பவருக்கு எழும். அதைத் தவிர்க்கவும், மூலமான லத்தீன் சொல் 'ஃபாபெர்' என்பதை நினைவூட்டவும் எழுத்தர்கள் நடுவில் ஒரு பி எழுத்தைச் சேர்த்தார்கள். தெளிவுக்காகச் செய்த இந்த ஏற்பாடே பின்னர் வேறொரு குழப்பத்தை விளைவித்தது. எழுத்தைப் பார்த்தே ஒலித்தவர்கள் அந்தப் பி எழுத்தையும் அதை அடுத்த யு எழுத்தையும் உண்மையாகவே உச்சரித்ததால் 'லெஃபேபுயூர்' என்ற புதிய பெயர் பிறந்து, இன்றும் வழங்கி வருகிறது. ஆகவே தேடுபவர் பி உள்ள வடிவம், பி இல்லாத வடிவம், லெஃபேபுயூர், மேற்குப் பகுதியில் மிகுதியான லெஃபவ்ர், 'லெ' என்ற முன்னொட்டு இல்லாத ஃபெவ்ர் ஆகிய அனைத்தையும் ஒரே பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டும். உடன்பிறந்த இருவர் இரு வேறு எழுத்துகளில் பதிவாகியிருப்பதும், ஒரே மனிதரின் திருமணப் பதிவும் இறப்புப் பதிவும் வேறுபடுவதும் இயல்பே. பிறப்புப் பதிவில் உள்ளதைத் தவிர வேறு பெயரை யாரும் தாங்கக் கூடாது என்று 1794 ஆகஸ்ட் 23 அன்று புரட்சி அரசு சட்டம் இயற்றிய பிறகுதான் பெயர்கள் இறுகத் தொடங்கின. 1877இல் குடும்பப் பதிவுக் கையேடு நடைமுறைக்கு வந்தபின் எழுத்து வடிவமும் நிலைபெற்றது.

அடுத்தது பொருள். பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் தோன்றியவை. மார்த்தேன், பெர்னார் போன்றவை திருமுழுக்குப் பெயர்கள். துபுவா, துபோன் போன்றவை காடு, பாலம் என இடத்தைக் குறிப்பவை. பெத்தி, லெகிரான் போன்றவை உருவம் பற்றிய பட்டப்பெயர்கள். லெஃபெவ்ர், முனியே, புலான்ஷே போன்றவை தொழிற்பெயர்கள். இன்றைய பிரெஞ்சில் கொல்லரை 'ஃபோர்ஜெரோன்' என்பார்கள், 'ஃபெவ்ர்' வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் பொற்கொல்லரைக் குறிக்கும் 'ஓர்ஃபெவ்ர்' என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. தமிழில் 'பொன்'னும் 'கொல்ல'ரும் சேர்ந்திருப்பதைப் போன்றே அங்கும் இரு சொற்கள் சேர்ந்துள்ளன. இத்தகைய வழக்கொழிந்த சொற்களுக்கு இக்கால அகராதி பயன்படாது. 1330 முதல் 1500 வரையான சொற்களுக்கென நான்சி நகர ஆய்வுக்கூடம் ஒன்று இணையத்தில் இலவசமாக வைத்துள்ள நடுக்கால பிரெஞ்சு அகராதியைப் பாருங்கள். பெயர் எளிதாகப் புரிவதுபோல் தோன்றும்போதுதான் கூடுதல் எச்சரிக்கை தேவை. லெருவா என்றால் 'அரசர்', லெவெக் என்றால் 'ஆயர்' என்பது உண்மையே. ஆனால் அப்பெயரைப் பெற்ற முதல் மனிதர் அரசர் வீட்டில் வேலை செய்தவராகவோ, மிடுக்காக நடந்ததால் ஊரார் கேலிக்கு ஆளானவராகவோ இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

தொழில் ஒன்றே ஆயினும் வட்டார மொழி மாறும்போது பெயரும் மாறுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. 'லெ' என்ற முன்னொட்டோடு வரும் லெஃபெவ்ர் வடக்குப் பிரான்சுக்கு, குறிப்பாகப் பிக்கார்தி, நோர்மாந்தி பகுதிகளுக்கு உரியது. தெற்கில் ஒக்சித்தான் மொழி பேசிய நிலத்தில் அதே லத்தீன் மூலத்திலிருந்து ஃபோர், ஃபாப்ர் என்ற பெயர்கள் கிளைத்தன. பூச்சியியல் அறிஞர் ழான்-ஆன்ரி ஃபாப்ர் 1823இல் தென்பகுதியின் அவெய்ரோன் மாவட்டத்தில் பிறந்தவர். சவோய் பகுதியில் அது ஃபாவ்ர் ஆயிற்று. சொல்லின் தொடக்கத்தில் எஃப் ஒலி எச் எழுத்தாக மாறும் காஸ்கோனியில் அது ஓர் ஆயிற்று. பிரெத்தோன் மொழியில் லெ கோஃப், அல்சாசில் ஷ்மித் ஆகியவையும் கொல்லர்களே; எனினும் அவை லத்தீன் மூலத்தோடு தொடர்பற்றவை. சவோயில் 1506இல் பிறந்த இயேசு சபைத் துறவி பியர் ஃபாவ்ரை லத்தீன் நூல்கள் ஃபாபெர் என்றும், சில பிரெஞ்சு நூல்கள் லெஃபெவ்ர் என்றும் குறிக்கின்றன. எனவே நூல்வழிப் பெயர்களைக் கொண்டு ஊரை முடிவு செய்யக் கூடாது. பெயரின் தாயகமும் அதைத் தாங்கியவரின் தாயகமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நெப்போலியனின் தளபதி மார்ஷல் லெஃபெவ்ர் 1755இல் பிறந்தது ஜெர்மானியப் பேச்சு வழங்கிய அல்சாசின் ருஃபாக் என்ற ஊரில்.

ஒரு பெயர் எவ்வளவு பரவலானது என்று அறிய, பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சே வெளியிட்டுள்ள குடும்பப் பெயர்க் கோப்பைப் பயன்படுத்தலாம். 1891 முதல் 1990 வரையான பிறப்புகளை 25 ஆண்டுப் பகுதிகளாகவும் மாவட்டவாரியாகவும் அதிலிருந்து எடுத்துக் காட்டும் இணையதளங்கள் உள்ளன. பி உள்ள லெஃபெவ்ர் அக்கணக்கில் நாட்டின் மிகப் பரவலான இருபது பெயர்களுள் அடங்கும், முதலிடம் மார்த்தேனுக்கு. நோர், பா-தெ-காலே, சோம் ஆகிய மாவட்டங்களில் அப்பெயர் அடர்ந்திருப்பதை வரைபடமே காட்டிவிடும். ஆனால் அந்த எண்கள் பிறப்புகளைக் குறிப்பவை, இன்று வாழ்வோரை அல்ல. 1946க்கு முந்தைய பிறப்புகள் அதில் முழுமையாகவும் இல்லை. பெயர்கள் உச்சரிப்புக் குறியின்றிப் பெரிய எழுத்துகளில் இருப்பதால் குறியை நீக்கியே தேட வேண்டும். பி உள்ளதும் இல்லாததும் தனித்தனி வரிசையில் வருவதால் இரண்டையும் கூட்டாமல் ஒப்பிட்டால் முடிவு பிழையாகும்.

இனி ஒரு குறிப்பிட்ட குடும்பத்தைப் பின்தொடர்வது எப்படி என்று பார்ப்போம். அண்மைக்காலத்திலிருந்து பின்னோக்கியே செல்ல வேண்டும். பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டுகள் கடந்த பின்னரே பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. அவற்றின் படங்களை மாவட்ட ஆவணக் காப்பகங்கள் தங்கள் இணையதளங்களில் பெரும்பாலும் இலவசமாகவே வைத்துள்ளன. முதலில் திருமணப் பதிவையே தேடுங்கள், ஏனெனில் இருதரப்புப் பெற்றோர் பெயர்களும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். 1792 செப்டம்பருக்கு முன் பதிவுகள் பங்குக் குருமாரிடம் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊர்ப்பகுதி) இருந்தன. திருமுழுக்கைப் பதிவு செய்யும் கடமை 1539ஆம் ஆண்டின் வில்லேர்-கோத்ரே அரசாணையாலும், திருமணத்தையும் அடக்கத்தையும் பதியும் கடமை 1579ஆம் ஆண்டின் புளுவா அரசாணையாலும் வந்தன. 1667 முதல் இரட்டைப் பிரதி எழுத ஆணையிடப்பட்டதால், ஒன்று அழிந்திருந்தாலும் மற்றது கிடைக்க வாய்ப்புண்டு. 1793 முதல் 1805 வரை தேதிகள் புரட்சி அரசு கொண்டுவந்த குடியரசு நாள்காட்டியில் இருக்கும். அவற்றை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உள்ளன. பாரிசில் மட்டும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. 1871 மே மாதத் தீயில் 1860க்கு முந்தைய பதிவேடுகள் எரிந்துபோயின, அவற்றில் ஒரு பகுதியே மீட்டெழுதப்பட்டது.

குடும்பம் கனடாவின் கியூபெக்கிற்குச் சென்றிருந்தால், பெயருக்குப் பின் 'எனப்படும்' என்று பொருள்படும் 'தி' என்ற சொல்லோடு மற்றொரு பெயர் ஒட்டியிருக்கலாம். பேரப்பிள்ளைகள் அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டிருக்கலாம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் லெஃபெவ்ர் என்பதை அவரையைக் குறிக்கும் 'ஃபெவ்' என்று கொண்டு 'பீன்' என ஆங்கிலப்படுத்திய குடும்பங்களும் உள்ளன.

குடும்பச் சின்னம் விற்கும் தளங்களை நான் நம்புவதில்லை. ஊருக்கு ஒரு கொல்லராவது இருந்த காலத்தில் தனித்தனியாகப் பிறந்த இப்பெயருக்கு ஒரே சின்னம் இருக்க இயலாது. ஒரே பங்கில் இரண்டு லெஃபெவ்ர் குடும்பங்களைக் கண்டால், ஞானப்பெற்றோர், திருமணச் சாட்சிகள் ஆகியோரின் பெயர்களைக் கொண்டே அவற்றைப் பிரித்தறிய வேண்டும். குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவையும் அது உள்ளபடியே, தேதி, பங்கு, எழுத்து வடிவம் மாறாமல் படியெடுங்கள். பி இல்லாத இடத்தில் நீங்களாகப் பி எழுத்தைச் சேர்த்துவிடாதீர்கள்.