நகராட்சி வாகன நிறுத்த மென்பொருள்: ஒரே ஒரு தெருவை வைத்துத் தொடங்கும் செய்முறை

வாகன நிறுத்தக் கட்டண வசூலையும் விதிமீறல் நடவடிக்கையையும் கணினிக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு நகராட்சியில் பேச்சு எழுந்தால், கேமரா எத்தனை வேண்டும், செயலி எந்த நிறுவனத்துடையது என்பதில்தான் அந்தப் பேச்சு பெரும்பாலும் தொடங்குகிறது. அவை இரண்டும் கடைசியில் முடிவு செய்ய வேண்டியவை. மூன்று மாதம் கழித்து ஒருவர் கையில் அபராதச் சீட்டுடன் அலுவலகத்துக்கு வந்து, “அன்றைக்கு அந்த இடத்தில் போர்டே இல்லையே” என்று கேட்கும்போது, அந்த நாளில், அந்த நேரத்தில், அந்த இடத்தில் எந்த விதி நடைமுறையில் இருந்தது என்பதை ஊழியர் ஒரே திரையில் எடுத்துக் காட்ட முடிகிறதா என்பதை வைத்துத்தான் இத்தகைய மென்பொருளை மதிப்பிட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வகையில் அமைக்கப்பட்டுள்ளது.

இது நகராட்சி அலுவலர்களுக்கும், அவர்களுக்கு உதவ முன்வரும் புதிய நிரலாளர்களுக்கும் எழுதப்பட்டது. தொடக்கத்துக்கு எக்ஸெல் போன்ற விரிதாள் ஒன்று போதும். பதிவுகள் பெருகிய பின் அதே அட்டவணைகளைப் போஸ்ட்கிரெஸ் போன்ற இலவசத் தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: யாருக்கு என்ன அதிகாரம் என்பதை எழுதி வையுங்கள்

தமிழ்நாட்டில் நிறுத்துமிடக் கட்டணத்தை வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு. பல ஊர்களில் அந்த வசூல் ஆண்டுக் குத்தகைக்கு விடப்படுகிறது. தடை செய்யப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தியவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் சலான் வழங்குவது போக்குவரத்துக் காவல் துறை. அந்தச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் உள்ள பொதுவான அபராதம், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதல் முறைக்கு 500 ரூபாய் வரையிலும் அடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய் வரையிலும் உயர்ந்தது. வண்டியை இழுத்துச் செல்லும் அதிகாரத்தை 127-ஆம் பிரிவு சீருடை அணிந்த காவலரிடம் ஒப்படைக்கிறது. ஆகவே நகராட்சியின் மென்பொருளில் “அபராதம் விதி” என்று ஒரு பொத்தானை வைக்கும் முன், அதை அழுத்தும் உரிமை யாருக்கு உண்டு என்பதற்கான ஆணையின் எண்ணையும் தேதியையும் ஓர் அட்டவணையில் பதிந்துவிடுங்கள். அந்த உரிமை நகராட்சி ஊழியருக்கு இல்லையெனில், மென்பொருளின் வேலை சான்றுகளைத் திரட்டிக் காவல் துறையிடம் ஒப்படைப்பதோடு நின்றுவிட வேண்டும்.

படி 2: தெருவை அளந்து துண்டுகளாகப் பிரியுங்கள்

மென்பொருள் வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய, செலவே இல்லாத வேலை இது. பேருந்து நிலையத்திலிருந்து காய்கறிச் சந்தைக்குப் போகும் ஒரு கடைவீதியை எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்குப் பக்கம் 180 மீட்டர் நீளம் என்று கொள்ளுங்கள். இரு முனைத் திருப்பங்களிலும் பத்துப் பத்து மீட்டர் விட வேண்டும். மூன்று வீட்டு வாசல்களுக்கு நான்கு நான்கு மீட்டர். டிரான்ஸ்ஃபார்மருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் சேர்த்து 28 மீட்டர். மீதம் 120 மீட்டர். சாலையை ஒட்டி நீளவாக்கில் ஒரு கார் நிற்க ஏறத்தாழ ஆறு மீட்டர் வேண்டும் என்பதால் அங்கே 20 கார்கள் நிற்கலாம். குறுக்கே வரிசையாக நிறுத்தினால் ஒரு மீட்டருக்கு ஒன்றாக 120 இருசக்கர வாகனங்கள் நிற்கலாம். ஒரு கார் எடுத்துக்கொள்ளும் இடம் ஆறு ஸ்கூட்டர்களுக்குரிய இடம் என்பது இப்படி அளந்தால்தான் தெரியும். கட்டண விகிதம் பற்றிய கூட்டத்தில் இந்த ஒரு கணக்கே பாதி வாதத்தை முடித்துவிடும்.

விதி மாறும் இடத்திலெல்லாம் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், தெருவின் பெயர், எந்தப் பக்கம், தொடங்கும் இடத்தின் அடையாளம், முடியும் இடத்தின் அடையாளம், நீளம், கொள்ளளவு ஆகியவற்றை எழுதுங்கள். எல்லை அடையாளமாகக் கடைப் பெயரைப் போடாதீர்கள், ஏனெனில் கடைகள் மாறிவிடும். மின்கம்ப எண் நிலையானது. வரைபடத்தில் பதிய விரும்பினால் க்யூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் கோடுகளாக வரைந்துகொள்ளலாம்.

படி 3: விதிகளைத் தேதியோடு பதியுங்கள், ஒருபோதும் மேலெழுதாதீர்கள்

இந்த விளக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். விதி அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் துண்டின் எண், வாகன வகை, கிழமைகள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், மணிக்கு எவ்வளவு கட்டணம், அதிகபட்சம் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பவற்றோடு, “எந்த நாள் முதல்”, “எந்த நாள் வரை” என்னும் இரண்டு தேதிகளும் கட்டாயம் இருக்க வேண்டும். கட்டணம் மாறும்போது பழைய வரிசையின் முடிவுத் தேதியை நிரப்பிவிட்டுப் புதிதாக ஒரு வரிசையைச் சேர்க்க வேண்டும். பழைய தொகையை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதக் கூடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் உடனிருந்து உதவிய ஓர் ஊரில், மாதத்தின் முதல் தேதியன்று கார் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 15 ரூபாயாக உயர்ந்தது. அலுவலகத்தில் ஒருவர் அட்டவணையில் 10 என்பதை அழித்து 15 என்று மாற்றினார். அன்று மாலை வந்த அறிக்கை, முந்தைய மாத ரசீதுகளையும் மணிக்கு 15 ரூபாய் என்றே கணக்கிட்டு, வெயிலில் நின்று வசூலித்த நான்கு ஊழியர்களும் மூன்றில் ஒரு பங்கு தொகையைக் குறைத்துக் கட்டியதாகக் காட்டியது. உண்மை தெரியும்வரை மூன்று நாள்கள் அவர்கள் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நேர்மையாக உழைத்தவர்கள் தலைகுனிந்து நின்றதை நான் நேரில் பார்த்தேன். அட்டவணையில் இரண்டு தேதிகளுக்கான நெடுவரிசைகள் இருந்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

சாலையோரத்து அறிவிப்புப் பலகையையும் இதே முறையில் பதியுங்கள்: எந்த மின்கம்பத்தில், எந்தத் தேதியில் நடப்பட்டது, நட்ட அன்று எடுத்த படம், பழுதானது எப்போது, சரிசெய்யப்பட்டது எப்போது. பலகை விழுந்து கிடந்த நாள்களில் அந்தத் துண்டுக்குச் சீட்டு எழுத முடியாதபடி மென்பொருளே தடுக்க வேண்டும். வாரச் சந்தை நாளுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் தனி விதிகள் இருந்தால் அவற்றையும் தேதி குறித்துத் தனி வரிசைகளாகவே சேர்க்க வேண்டும்.

படி 4: பதிவெண்ணை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

ஒரே வண்டியை ஓர் ஊழியர் இடைவெளி விட்டு “டிஎன் 09 ஏபி 1234” என்றும், இன்னொருவர் சேர்த்தும், மூன்றாமவர் நடுவே கோடு போட்டும் எழுதினால் கணினிக்கு அவை மூன்று வண்டிகள். சேமிக்கும் முன் இடைவெளிகளையும் குறிகளையும் நீக்கி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடுங்கள். பிறகு வடிவத்தைச் சரிபாருங்கள். வழக்கமான தட்டில் மாநில எழுத்து இரண்டு, வட்டார அலுவலக எண் இரண்டு இலக்கம், தொடர் எழுத்துகள், நான்கு இலக்க எண் என வரும். 2021 முதல் வழங்கப்படும் பாரத் தொடரில் முதலில் ஆண்டின் இரண்டு இலக்கங்கள், அடுத்து பிஎச், அடுத்து நான்கு இலக்கங்கள், கடைசியில் எழுத்துகள். முதல் வடிவத்தை மட்டும் ஏற்கும்படி எழுதப்பட்ட மென்பொருள் இரண்டாவதைப் பிழை என்று தள்ளிவிடும்.

தொடர் எழுத்துகளில் ஆங்கில ஐ, ஓ இரண்டும் வழங்கப்படுவதில்லை, ஏனெனில் அவை ஒன்று, பூஜ்யம் ஆகிய எண்களோடு குழம்பும். ஆகவே கேமரா வாசித்த தொடரில் ஓ வந்தால் அது க்யூவாகவோ டியாகவோ இருக்க வேண்டும். அந்தப் பதிவைத் தானாகத் திருத்தாமல், படத்தோடு ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்புங்கள். ஒரே ஓர் எழுத்து தவறினால் சீட்டு வேறொரு குடும்பத்தின் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

படி 5: விதிமீறலைச் சான்றோடு பதியுங்கள்

கள ஊழியரின் கைப்பேசியில் தோன்றும் படிவம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்: துண்டு, பதிவெண், விதிமீறலின் வகை, மூன்று படங்கள். ஒரு படத்தில் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒன்றில் வண்டியும் அறிவிப்புப் பலகையும் சேர்ந்து தெரிய வேண்டும். ஒன்றில் வண்டி நிற்கும் இடத்தின் சுற்றுப்புறம் தெரிய வேண்டும். ஜிபிஎஸ் புள்ளியைச் சேமித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். குறுகிய கடைவீதியில் அது பல மீட்டர் விலகி எதிர்ப்பக்கத்தைக் காட்டக்கூடும். எந்தத் துண்டு என்பதை ஊழியரே தேர்ந்தெடுப்பதுதான் சரி.

நேர வரம்பு மீறலைப் பதிவது இன்னும் நுட்பமானது. “ஒரு மணி நேரம் மட்டும்” என்ற இடத்தில் வண்டி இரண்டு மணி நேரம் நின்றது என்று காட்ட, இரண்டு முறை பார்த்ததற்கான பதிவு தேவை. அமெரிக்காவில் டயரில் சாக்பீஸால் கோடு போடும் வழக்கம் பல காலமாக இருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் சாகினா நகரம் தொடர்பான வழக்கில் 2019-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், அது அந்நாட்டு அரசியலமைப்பின்படி, ஒருவரின் உடைமையைத் துருவிப் பார்ப்பதற்குச் சமமான “சோதனை” ஆகும் என்று கூறியது. வண்டியைத் தொடாமலேயே இதைச் செய்யும் பழைய முறை ஒன்று உண்டு. டயரில் காற்றடிக்கும் வால்வு எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் கடிகார முள்போல எண்ணிக் குறித்துக்கொள்வார்கள்: முன்சக்கரத்தில் 3, பின்சக்கரத்தில் 10. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்க்கும்போதும் அதே 3, அதே 10 என்றால் வண்டி அசையவில்லை. வெளியே போய்த் திரும்பி வந்து அதே நிலையில் நின்றிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. படிவத்தில் இதற்கு இரண்டு சிறு கட்டங்கள் போதும்.

சந்தைப் பகுதியில் இணையம் அடிக்கடி நின்றுபோகும். ஆகவே பதிவு முதலில் கைப்பேசியிலேயே சேர்ந்து, இணைப்புக் கிடைத்ததும் சர்வருக்குப் போக வேண்டும். அப்போது இருவரின் சீட்டுகளுக்கு ஒரே எண் வந்துவிடாமல் இருக்க, கருவியின் எண்ணையும் அதன் வரிசை எண்ணையும் சேர்த்துச் சீட்டு எண்ணாக்குங்கள். ஏழாவது கருவியின் 412-ஆவது சீட்டு என்றால் 07-000412. கருவியின் கடிகார நேரத்தையும் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் தனித்தனியே சேமிப்பது, கடிகாரம் தவறாக ஓடிய கருவியைக் கண்டுபிடிக்க உதவும்.

படி 6: சீட்டின் பயணத்தை நிலைகளாக வரையறுங்கள்

“கட்டியாயிற்று”, “கட்டவில்லை” என்ற இரண்டு நிலைகள் போதாது. இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின்கீழ் பின்பற்றும் வழிமுறை இதற்கு நல்ல பாடம். அங்கே பொதுவாக வண்டியில் வைக்கப்பட்ட சீட்டுக்கு 14 நாள்களுக்குள் பணம் கட்டினால் பாதித் தொகை. 28 நாள்கள் வரை கட்டாவிட்டால் உரிமையாளருக்கு அறிவிப்பு. அவர் முறையாக எழுதும் ஆட்சேபத்துக்கு உள்ளாட்சி 56 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். மறுக்கப்பட்டால் சுதந்திரமான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் செலுத்திய நேரம் முடிந்த பிறகு பத்து நிமிடச் சலுகையும் 2015 முதல் உண்டு.

நமது சட்டம் வேறு, கால அளவுகளும் வேறு. ஆனால் எழுதப்பட்டது, ஆட்சேபிக்கப்பட்டது, ஆய்வில் உள்ளது, ரத்தானது, ஒப்படைக்கப்பட்டது, முடிந்தது என்று நிலைகளைப் பிரிப்பதும், ஒவ்வொன்றுக்கும் கெடு வைப்பதும், நிலையை மாற்றியவரின் பெயரையும் நேரத்தையும் காரணத்தையும் அழிக்க முடியாதபடி பதிவதும் நமக்கும் பொருந்தும். மின்னணுக் கண்காணிப்பில் பதிவாகும் குற்றங்களுக்காக 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, அறிவிப்பை 15 நாள்களுக்குள் அனுப்ப வேண்டும் என்றும், சான்றைச் சலான் முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்றும் வகுத்தது. இத்தகைய கெடுக்களை ஊழியரின் நினைவுக்கு விடாமல் மென்பொருளில் அமைத்துவிடுங்கள். ரத்து செய்யும் அதிகாரம் சீட்டு எழுதியவரிடம் இருக்கக் கூடாது. அது அவரையும் காக்கும், ஏனெனில் தெரிந்தவர் வந்து “அண்ணே, இதை எடுத்துவிடுங்க” என்று கேட்கும்போது, தன்னால் முடியாது என்று அவர் உண்மையாகவே சொல்லலாம்.

படி 7: பணம், அனுமதி, அறிக்கை

கட்டணத்துக்கு யுபிஐ க்யூஆர் போதுமானது. ஆனால் ஒவ்வொரு ரசீதுக்கும் தொகையும் ரசீது எண்ணும் அடங்கிய தனிக் க்யூஆர் உருவாக வேண்டும். சுவரில் ஒட்டிய ஒரே க்யூஆரில் வரும் பணத்தை ரசீதுகளோடு பொருத்திப் பார்ப்பது நாள் முழுவதும் பிடிக்கும் வேலை. குடியிருப்போர் அனுமதியும் மாற்றுத்திறனாளிகள் சலுகையும் தொடக்க, முடிவுத் தேதிகளோடு தனி அட்டவணையில் இருக்கட்டும். சீட்டு எழுதும் முன் மென்பொருள் அங்கே தேடிப் பார்க்க வேண்டும்.

அறிக்கைகளில் வசூல் தொகையை முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் மணிக்கு மணி எத்தனை இடங்கள் நிரம்பியிருந்தன என்பதை வையுங்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப், ஏறத்தாழ 85 விழுக்காடு நிரம்பியிருப்பதே சரியான நிலை என்றார். நமது 20 கார் துண்டில் 17 கார்கள் நின்றால் தேடி வருபவருக்கு மூன்று இடங்கள் கிடைக்கும். அவர் சந்தையைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோ 2011-இல் தொடங்கிய முயற்சியில் இடங்கள் நிரம்பும் அளவைக் கொண்டே தெருவுக்குத் தெரு கட்டணத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தது. எப்போதும் காலியாகக் கிடக்கும் துண்டில் கட்டணத்தைக் குறைக்கவும் இந்த அறிக்கை வழிகாட்டும்.

படி 8: தேவையற்றதை அழியுங்கள்

ஒரு வண்டி எந்த நேரத்தில் எங்கே நின்றது என்பது ஒரு மனிதரின் நடமாட்டத்தைப் பற்றிய தகவல். விதிமீறல் இல்லாத வண்டிகளின் பதிவெண்களை அன்றிரவே அழித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய அளவைக் கணக்கிட அதுவே போதும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் தகவலைச் சேர்த்து வைப்பதை ஏற்கவில்லை. குத்தகைதாரருடன் ஒப்பந்தம் எழுதும்போது, தரவு நகராட்சிக்கே உரியது என்றும், குத்தகை முடிந்த நாளில் முழுப் பிரதியும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் எழுதுங்கள்.

படி 9: பணம் கேட்காமல் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

அந்த ஒரே கடைவீதியில், முதல் இரண்டு வாரங்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும் கொடுங்கள். பிறகு, சேர்ந்த பதிவுகளிலிருந்து கைக்கு வந்த பத்தை எடுத்து, இந்தத் துறையோடு தொடர்பே இல்லாத ஒருவரிடம், வருவாய்ப் பிரிவிலோ சுகாதாரப் பிரிவிலோ இருப்பவரிடம் காட்டி, படங்களையும் விதியையும் மட்டும் பார்த்து இந்த வண்டி தவறு செய்ததா என்று கேளுங்கள். அவர் எந்தச் சீட்டில் தயங்குகிறாரோ, அங்கே குறை எந்தப் படியில் இருக்கிறது என்று தேடித் திருத்துங்கள். பத்துக்கும் அவர் தயங்காமல் பதில் சொல்லும் நாளில் இரண்டாவது தெருவை அளக்க நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.