ஆயிரம் கேசட் கச்சேரிகளைக் கணினியில் சேமிப்பது எப்படி?

பழைய கச்சேரிக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றத் தொடங்கியவர்கள், கடைக்குப் போய் ஹார்ட் டிஸ்க் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். குறுந்தட்டின் தரத்தில், அதாவது விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஸ்டீரியோ என்ற அளவில் பதிந்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 எம்பி ஆகும். 90 நிமிடக் கேசட்டுகள் 1,000 இருந்தால் மொத்தம் 1,500 மணி நேரம். சுருக்காத வேவ் (WAV) கோப்புகளாக வைத்தால் 950 ஜிபியைத் தாண்டும். அவற்றையே ஃபிளாக் (FLAC) என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றினால், ஒலியில் எதுவும் குறையாமலே பாதியை ஒட்டிய அளவுக்கு வரும். நாடாவின் இரைச்சல் மிகுந்த பதிவுகள் மட்டும் அவ்வளவு சுருங்குவதில்லை. இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழிப்பதை நான் ஏற்பதில்லை. எம்பி3 கழித்துவிட்ட ஒலியைப் பிறகு எப்படியும் மீட்க முடியாது. கைப்பேசியில் கேட்பதற்குத் தனியாக ஓர் எம்பி3 படி இருந்தால் போதும்.

இந்தக் கணக்குப்படி 2 டிபி ஹார்ட் டிஸ்க்கே தாராளம். சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி கீழே விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் பல ஆண்டுகள் வைத்தால் அதில் உள்ள தரவு அழிய வாய்ப்புண்டு என்பதால், அன்றாடம் கேட்பதற்கே அது ஏற்றது. வீட்டில் பலர் பல அறைகளிலிருந்து கேட்பதாக இருந்தால் மட்டும் வீட்டு வலையமைப்பில் இணைத்து எல்லோரும் பயன்படுத்தும் நாஸ் (NAS) சேமிப்புப் பெட்டி வாங்கலாம். அதில் இரண்டு டிஸ்க்குகள் ஒன்றையொன்று பிரதிபலிப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு பிரதிகள் இருப்பதாக நினைக்கக் கூடாது. கைதவறி ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

முன்பே குறுந்தட்டுகளில் எழுதி வைத்திருப்பவர்கள் அவற்றைத்தான் முதலில் நகலெடுக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பரணில் இருந்த ஒரு தட்டில் கச்சேரியின் தொடக்கத்தில் வரும் வர்ணம் தெளிவாகக் கேட்டது. முடிவில் வரும் தில்லானாவோ திறக்கவே இல்லை. தட்டு உள்ளிருந்து வெளிப்புறமாக எழுதப்படுவதால், விளிம்பு கெடும்போது கச்சேரியின் கடைசிப் பகுதிதான் முதலில் போகிறது.

குறைந்தது இரண்டு டிஸ்க்குகள் வேண்டும். இரண்டாவது வேறு ஊரில், நம்பகமான உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கீழ்த்தளம் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, எல்லாப் பிரதிகளையும் ஒரே அலமாரியில் வைப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. இணையம் வழியே ஒரு நிறுவனத்தின் கணினிகளில் வைக்கும் மேகச் சேமிப்பை மூன்றாவது பிரதியாகக் கொள்ளலாம். ஃபிளாக் கோப்புகள் 600 ஜிபி வரை வந்தால், 40 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 40 மெகாபிட்) பதிவேற்ற வேகத்தில் அவை ஏறுவதற்கு 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டணத்தை நிறுத்தினால் பிரதியும் நிலைக்காது.

கோப்புப் பெயரில் தேதியை 1987-01-04 என்பதுபோல் முதலில் எழுதினால் வரிசை தானாக அமையும். ராகம், பக்கவாத்தியம் ஆகிய விவரங்களைப் பழைய எழுத்துருக்களில் அல்லாமல் யூனிகோடில் எழுதுங்கள்.

ஃபிளாக் கோப்பு தன் ஒலிக்கான சரிபார்ப்பு எண்ணைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் சோதித்து, கெட்டதை மற்றப் பிரதியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். அவசரத்தில் கெட்ட கோப்பை நல்லதன்மேல் நகலெடுத்துவிடாமல் இருக்க, எது மூலம், எது படி என்பதை டிஸ்க்கின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.